இளஞ்சிவப்புக் கல்லின் ஒரே நிபந்தனை

கரூரில் பெண் பார்க்க மாப்பிள்ளை வருவதில்லை. நிச்சயதார்த்த மோதிரத்தில் பதிக்கப்போகும் வைரம்தான் வரும். மாப்பிள்ளை வீட்டார் அதை வெற்றிலைத் தட்டில் வைத்து எடுத்து வந்து, கூடத்து நாற்காலியில் இறக்கிவிட்டு, தாங்கள் பாயில் உட்கார்ந்துகொள்வார்கள். வைரம் பெண்ணைப் பார்க்கும், இரண்டொரு கேள்வி கேட்கும், பலகாரத்தை ருசி பார்க்கும். பிடித்திருந்தால் அங்கேயே சொல்லிவிடும். பிடிக்கவில்லை என்றால் போய்த் தகவல் அனுப்புவதாகச் சொல்லும்.

ரேணுகாவை நான்கு வைரங்கள் பார்த்துவிட்டுப் போயிருந்தன.

முதல் வைரம் வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அது பாடச் சொன்னது. அவளுக்குப் பாட்டு வராது. இரண்டாவது, அவள் மணிக்கட்டு ஆம்பளை மணிக்கட்டு மாதிரி இருக்கிறது என்று தரகரிடம் போய்ச் சொல்லியிருக்கிறது. மூன்றாவது இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கேசரியை மெச்சி, போகும்போது ஒரு பொட்டலமும் கட்டி வாங்கிக்கொண்டு போனது. அதோடு சரி.

நான்காவது வைரத்தின் விஷயத்தில் தப்பு தன்மேல்தான் என்று ரேணுகாவே ஒப்புக்கொள்வாள். அவளுக்குத் திரைச்சீலை ஏற்றுமதி செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. நாள் முழுக்க ட்யூப் லைட்டுக்கு அடியில் நின்று துணியைப் பார்க்க வேண்டும். நூல் விட்டுப்போன இடம், சாயம் திட்டாக நின்ற இடம், எங்கே பழுது கண்ணில் பட்டாலும் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு அந்த வைரம், தன்னிடம் ஏதாவது பழுது தெரிகிறதா என்று கேட்டது. விளையாட்டுக்குத்தான் கேட்டிருக்கும். ரேணுகா குனிந்து நன்றாகப் பார்த்து, இடது ஓரத்தில் ஒரு புள்ளி இருப்பதாகச் சொன்னாள். காபி ஆறுவதற்குள் அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

நான்கு வைரங்கள் தட்டிக்கழித்த வீட்டுக்கு ஐந்தாவது வராது. அப்படி எழுதிவைத்த விதி ஏதும் இல்லை, வைரங்களுக்குள் பேச்சு உண்டு. ரேணுகாவின் அம்மா பழனியம்மாள் கூடத்து நாற்காலியைக் கொல்லைக்கு எடுத்துப்போய் அதில் வடகம் காயப்போட்டாள். புருஷன் போன பிறகு அந்த வீட்டில் வேறு யாரும் நாற்காலியில் உட்காருவதில்லை. மகளிடம் அவள் ஒரு வார்த்தை கோபமாகச் சொன்னதில்லை. ஆனால் ரேணுகா வேலை முடிந்து வரும் நேரத்தில் கதவுக்குப் பின்னால் நின்று பெருமூச்சு விடுவாள். அதை ரேணுகா ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் செல்லமுத்து வந்தார். சுற்றி வளைத்துப் பேசினார். வெயிலைப் பற்றிப் பேசினார், அமராவதியில் தண்ணீர் இல்லாததைப் பற்றிப் பேசினார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஏனுங்கக்கா, ரோஸ் கல்லு ஒண்ணு பாத்தா என்னங்க?"

பழனியம்மாள் அவருக்கு இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவர் மேலே பேசினார். இப்போதெல்லாம் படித்த பிள்ளைகள் வைரத்தை வேண்டாமென்றுவிட்டு இதைத்தான் கேட்டு வாங்குகிறார்களாம். பார்க்க லட்சணமாக இருக்குமாம், குணமும் நயமாம். பஸ் பாடி கட்டும் பட்டறையில் பெயிண்டராக இருக்கும் குணசேகரன் என்று ஒரு பையன் இருக்கிறான், முப்பத்தெட்டு வயசு, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது என்றார். அவனுக்கு ஏன் வைரம் அமையவில்லை என்று பழனியம்மாள் கேட்டாள். மூன்று வைரங்கள் பட்டறை வரைக்கும் வந்ததாகவும், பெயிண்டில் கலக்கும் தின்னரின் வாடை ஒத்துக்கொள்ளாமல் அவனுக்காகப் பெண் பார்க்கப் போக முடியாது என்று திரும்பிவிட்டதாகவும் தரகர் சொன்னார்.

ரோஸ் கற்கள் யார் வீட்டுக்கும் வருவதில்லை. நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவற்றுக்கான கடை இருந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக் காத்திருப்பவர்கள்போல ஒரு நீள பெஞ்சில் அவை வரிசையாக உட்கார்ந்திருந்தன. குணசேகரன் முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தான். தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்களில் பச்சை பெயிண்ட் ஒட்டியிருந்தது. ரேணுகா அதை முதலில் பார்த்தாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவளுக்கு ஏனோ அவனைப் பிடித்துப்போயிற்று.

பெஞ்சின் முதல் கல் மிகவும் இளசு. எதைக் கேட்டாலும் சிரித்தது. இரண்டாவது கல் இவர்களைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் வழியாகப் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது, நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி கொஞ்சம் கறுத்த ரோஸ். அதன் நடுவில் ஒரு முடி அளவுக்குக் கீறல் ஓடியது.

"உள்ள ஒரு கோடு இருக்குதுங்க" என்றாள் ரேணுகா.

"இருக்குது அம்மிணி" என்றது கல். "பொறப்புலயே இருக்குது."

தன்னை இரண்டு பேர் எடுத்துப்போய்த் திருப்பித் தந்துவிட்டதையும் அதுவாகவே சொன்னது. இருவருக்கும் பிற்பாடு வைரம் அமைந்துவிட்டதாம். அதைச் சொல்லும்போது அதன் குரலில் வருத்தம் இல்லை. ரேணுகா குணசேகரனைத் திரும்பிப் பார்த்தாள். உங்களுக்குப் பிடித்தால் எனக்குப் பிடித்த மாதிரிதான் என்று அவன் சொன்னான். எல்லோரும் சொல்கிற வார்த்தைதான், அவன் சொன்னபோது மெய்யாக இருந்தது.

கல்லுக்கு ஒரே ஒரு நிபந்தனை இருந்தது.

"என்னைய வைரம் மாதிரி இருக்குதுன்னு யாரும் சொல்லக் கூடாது. வைரத்துக்கு ஒண்ணும் கொறச்சல் இல்லைன்னும் சொல்லக் கூடாது."

"சொன்னா?"

"சொல்லச் சொல்ல நெறம் எறங்கும். பக்கத்துல யாரு இருக்காங்களோ, அவங்க மேல எறங்கிரும்."

இரண்டு பேரும் சம்மதித்தார்கள். சந்து முனையில் டீ குடித்தார்கள். பஸ்களின் பின்பக்கம் ஊர்ப் பெயர் எழுதுவதுதான் தனக்கு வாய்த்த வேலையிலேயே பிடித்த வேலை என்றான் குணசேகரன். தான் எழுதிய எந்த ஊருக்கும் தான் போனதில்லை என்றான். கல்யாணத்துக்குப் பிறகு ஒன்றொன்றாகப் போகலாம் என்று சொல்ல ரேணுகாவுக்கு வாய் வரை வந்தது. அடுத்த தடவை சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அதுவரை கல் பெண் வீட்டில்தான் இருக்க வேண்டும். ரேணுகா அதைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக் கம்பெனிக்குக் கூட்டிப்போனாள். மேஜை ஓரத்தில் உட்கார்ந்து அதுவும் துணியைப் பார்க்கும். அவள் கண்ணுக்குத் தப்பிய பழுதுகளைக் காட்டிக்கொடுக்கும். மத்தியானம் தயிர்சாதத்தில் ஒரு பருக்கை வாங்கிக்கொள்ளும். நான்கு வைரங்களைப் பற்றியும் அவள் அதனிடம் சொன்னாள். அப்பா இறந்த அன்றைக்கு அழுகை வராமல் போனதைச் சொன்னாள். வேறு யாரிடமும் அதைச் சொன்னதில்லை. கல் கேட்டுக்கொண்டது, ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

வீட்டில் நிலைமை வேறு. சொந்தக்காரர்கள் வந்தால் பழனியம்மாள் கல்லின்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி கைக்குட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டாள். பழனியம்மாள் அவசரமாக, "தூரத்துல இருந்து பாத்தா வைரமாட்டவேதான் தெரியுமுங்க" என்றாள். அன்று சாயங்காலம் கல் கொஞ்சம் வெளிறியிருந்தது. தலைவாரிக்கொண்டிருந்த ரேணுகாவின் மோதிர விரல் நுனியில் லேசான ரோஸ் தெரிந்தது. மகள் அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இன்னொரு தடவை அப்படிச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். நான் உன் நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று பழனியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் ஒரு சின்ன மண்டபத்தில் காலை ஒன்பது மணிக்கு நடந்தது. குணசேகரன் கல்லை மோதிரத்தில் பதித்து எடுத்து வந்து, ரேணுகாவின் விரலில் போட்டான். கல் மெதுவாக, "நல்லா இருங்க ரெண்டு பேரும்" என்றது. ரேணுகாவுக்கு அந்த நிமிஷம் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

பிறகு பந்திக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். ஈரோட்டுப் பெரியம்மா, வைரத்துக்கு இது ஒன்றும் இளைத்ததில்லை என்றாள். கம்பெனியில் கூட வேலை செய்கிற பெண், சொன்னால்தான் வைரமில்லை என்று தெரிகிறது என்றாள். எல்லோரும் பிரியமாகத்தான் சொன்னார்கள். ரேணுகா ஒவ்வொருவரிடமும், அப்படிச் சொல்லாதீர்கள் என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டாள். தன்னடக்கம் என்று நினைத்து அவர்கள் இன்னொரு தடவை சொன்னார்கள். விரல் முதல் கணுவரை சிவந்து இறுகியது.

கடைசியாகக் குணசேகரனின் தாய்மாமா வந்தார். பெரிய லாரி ஆபீஸ் வைத்திருப்பவர், நகை அடகும் பிடிப்பவர். மோதிரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மருமகனிடம், "ஏன்டா, உனக்கு வைரமே கெடைக்கலையா?" என்று கேட்டார்.

ரேணுகா குணசேகரனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. நகக்கண்களைப் பார்த்தான்.

"இதும் வைரமாட்டத்தானுங்க மாமா" என்றான். சொல்லிவிட்டுச் சிரித்தான்.

மிச்சமிருந்த நிறம் மொத்தமும் இறங்கிவிட்டது. மோதிரத்தில் இருந்த கல் தண்ணீர்போலத் தெளிந்து மண்டபத்து விளக்குகளை எல்லாம் வாங்கி எறிந்தது. கீறலைக்கூடக் காணோம். தாய்மாமா சட்டைப்பையிலிருந்து லென்ஸை எடுத்துப் பார்த்து, அசல் வைரம் என்றார். குணசேகரனின் வீட்டார் முகமெல்லாம் மலர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைரம் என்றால் முறைப்படி அது பெண்ணைப் பார்த்தாக வேண்டுமே என்று தரகர் செல்லமுத்து நினைவுபடுத்தினார். மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. மோதிரத்தைக் கழற்றி, கல்லைப் பெயர்த்து எடுத்து, மேடைமேல் ஒரு நாற்காலி போட்டு அதில் வைத்தார்கள். பந்தியிலிருந்து கேசரியும் பஜ்ஜியும் வந்தன. ரேணுகா தட்டை ஏந்திக்கொண்டு போய் நின்றாள்.

"பேரு என்னம்மா?" என்று கேட்டது வைரம்.

அவள் சொன்னாள்.

"என்ன வேலைக்குப் போறே?"

அதையும் சொன்னாள். தயிர்சாதத்தைப் பற்றி ஏதாவது கேட்குமோ என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. அது பஜ்ஜியில் ஒரு ஓரம் கடித்துப் பார்த்துவிட்டு, அவள் கையைக் காட்டச் சொன்னது. சிவந்த விரலைக் கண்டதும், போய்த் தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொன்னது.

மண்டபத்து வாசலில் குணசேகரன் அவளிடம் வந்தான். அழுதிருந்தான்.

"கல்லு சொன்னதுக்கு மேல நான் என்னங்க பண்றது?" என்றான்.

முதலில் சொன்னது கல் இல்லை, நீங்கள்தான் என்று ரேணுகாவுக்கு வாய் வரை வந்தது. அதை அவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று, ஆட்டோவில் ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பழனியம்மாள் வழியெல்லாம், அவ்வளவு நல்ல வைரம் கை நழுவிப் போய்விட்டதே என்று புலம்பிக்கொண்டு வந்தாள்.

இரண்டு மாதம் கழித்துக் குணசேகரனுக்கு நாமக்கல்லில் பெண் அமைந்ததாகத் தகவல் வந்தது. வைரத்துக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டதாம்.

ரேணுகாவின் விரலில் இறங்கிய நிறம் மாறவில்லை. மோதிர விரல் மட்டும் நகத்திலிருந்து அடிவரை ரோஸ் நிறத்தில், கெட்டியாக, வெயில் பட்டால் உள்ளே ஒளி ஓட நின்றது. அது பேசுவதில்லை, ஸ்டிக்கர் ஒட்ட மட்டும் மடங்காது. நகைக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, இந்த நிறம் இப்போது கிடைப்பதில்லை, இதற்கு வைரத்தைவிட மதிப்பு கூடிவிட்டது என்றார். ஊரில் அந்தப் பேச்சு பரவியது. தை மாதம் பிறந்ததும் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் எழுதியிருந்தார்கள். வருகிற வெள்ளிக்கிழமை தங்கள் பையனுக்காக ஒரு பெண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விரலைக் கேட்டிருந்தார்கள்.

ரேணுகா கம்பெனியில் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்தாள். போக வர கார் அனுப்பியிருந்தார்கள். பெண் வீட்டுக் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி துடைத்துப் போடப்பட்டிருந்தது. அவள் உட்கார்ந்து கையை வெற்றிலைத் தட்டில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு பெண், இருபது வயதுகூட இருக்காது, பலகாரத் தட்டோடு வந்து நின்றாள்.

அதுவரை பேசியிராத விரல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தப் பெண்ணை நிமிர்ந்து நிற்கச் சொன்னது. ரேணுகா மற்ற ஒன்பது விரல்களையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.