ஏழாம் அட்டவணையில் போனவர் எவருமில்லை

2019ஆம் ஆண்டு நவம்பர் பதினைந்து, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மணி நான்கு இருபது. பெய்வதா விடுவதா என்று முடிவுசெய்யாத தூறல். மனித நடத்தை ஆய்வகத்தின் மெய்ப்புத் திருத்துநர் ஆய்வறிக்கையை மூடாமலே கண்ணாடியைக் கழற்றி, கண்களை அழுத்திவிட்டுக்கொண்டார்.

விடைபெறுவது பற்றிய ஆய்வு அது. வீட்டு வாசல்களில் ஒலிப்பதிவுக் கருவி வைத்து, கிளம்புவதாகச் சொன்னவர் உண்மையில் எப்போது கிளம்புகிறார் என்று இரண்டாண்டு கவனித்திருந்தார்கள். உடனே கிளம்புவதில்லை என்பது கண்டுபிடிப்பு. பக்கத்து மேசைத் தட்டச்சர் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட இல்லை.

"இதுக்கு ரெண்டு வருஷமா, அக்கா? எங்க மச்சானை ஒரு ஞாயித்துக்கிழமை அனுப்பியிருப்பேனே. ஒரு கால்ல செருப்பை மாட்டிக்கிட்டு, மொத்தச் சொத்துத் தகராறையும் பேசிட்டுத்தான் மறு கால்ல மாட்டுவாரு."

திருத்துநரைச் சோரவைத்தது ஏழாம் அட்டவணை. அதில் விருந்தினரைவிட வருகைகள் மும்மடங்கு இருந்தன, போனவர் எவருமில்லை. ஒலிப்பதிவை எழுத்தாக்கியவர்கள், 'வரேன்' என்று கேட்ட இடத்திலெல்லாம் 'வருகை' என்று குறித்திருந்தார்கள். இலக்கணப்படி குற்றமில்லை என்பதுதான் கொடுமை.

அந்த அட்டவணையில் தமக்கும் ஓரிடம் உண்டு என்று அவருக்குத் தோன்றிற்று. கணவரும் மகளும் இருக்கும் ஊரில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது; பலமுறை நீட்டிய கெடு முடிந்து, திங்களன்று சேரவேண்டும். இன்று ஐந்து மணிக்குள் இங்கிருந்து விடுவிப்பு ஆணை கிடைக்காவிட்டால் அந்த வேலை அடுத்தவருக்கு. பத்து மாதமாக மாலைதோறும் இயக்குநரின் அறைவாசலில் நின்று கேட்டார். பார்க்கலாம் என்பார் இயக்குநர். சரி சார், வரேன் என்பார் இவர். மறுநாள் வந்தும்விடுவார்.

மெய்ப்புடன் உள்ளே போனபோது இயக்குநர் உற்சாகமாக இருந்தார். அடுத்த ஆய்வு கொட்டாவியைப் பற்றி என்றார். ஒருவர் விட்டால் எதிரிலிருப்பவர் ஏன் விடுகிறார் என்று விளக்கத் தொடங்கி, தாமே ஒன்று விட்டார். திருத்துநர் தம்முடையதை அடக்கிக்கொண்டார்.

"சார், வரேன்னு சொன்னவங்களை எல்லாம் போனவங்கன்னு மாத்தணும்."

"மாத்திடுங்கம்மா. நீங்க இல்லாம இங்க என்ன நடக்கும்?"

"நான் போறேன் சார்."

இயக்குநர் நிமிர்ந்தார். இரண்டாண்டு ஒலிப்பதிவில் ஒருவர்கூட வாசலில் நின்று சொல்லாத சொல் அது.

"போய்ட்டு வரேன்னு சொல்லுங்கம்மா," என்றார், குரல் இறங்கி.

"சொல்லிப் பாத்தேன் சார். பத்து மாசமா."

விடுவிப்பு ஆணை கோப்புகளுக்கு அடியில் எங்கே இருக்கிறதென்று இயக்குநருக்குத் தெரிந்தே இருந்தது. உருவி எடுத்து, கையெழுத்திட்டு, மை உலர ஊதினார். 'உடனடியாக பணியிலிருந்து' என்ற இடத்தில் ஓர் ஒற்று விடுபட்டிருந்தது. திருத்துநரின் விரல்கள் சிவப்புப் பேனாவைத் தொட்டுவிட்டு விலகின. இயக்குநர் ஆணையை நீட்டினார். திருத்துநர் பிழையோடு வாங்கிக்கொண்டார்.