ஏறாத வண்டி

மதுரையில் நடந்த மூத்தோர் ஓட்டப்போட்டிக்குப் போக வீரையாவுக்கு மனமே இல்லை. மனைவி பஞ்சம்மாள் ராமேஸ்வரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள்தான், "போயிட்டு வாங்க, நான் எங்கன ஓடிப்போகப் போறேன்" என்று சிரித்து விரட்டினாள். போனார், அறுபது வயதுக்காரர்கள் ஓட்டத்தில் இரண்டாவதாகவும் வந்தார். திரும்பும் பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது மகள் கவிப்ரியா போனில் அழுதாள். அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, சீக்கிரம் வாருங்கள் என்றாள்.

அன்றைக்கென்று அமாவாசைக் கூட்டம். பாலத்தில் ஒரு வண்டியும் நகரவில்லை. கார்க்காரர்கள் இறங்கி நின்று கடலைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எவன் வீட்டில் எழவு விழுந்தால் அவர்களுக்கென்ன! வீரையா இறங்கினார். நாற்பது வருடமாக ஓடிப் பழகிய கால்கள், யோசிக்கவே விடாமல் கிளம்பிவிட்டன.

அவர் தினமும் ஓடும் அந்தச் சாலையில் அவரைத் தெரியாதவர் கிடையாது. பாவமே என்று யாராவது பைக்கை நிறுத்தினால் வள்ளென்று விழுவார். பயிற்சியைக் கெடுக்கிறார்களாம். பிற்பாடு திட்டுவதையும் விட்டுவிட்டு, ஓடியபடியே கையை வீசிப் போகச் சொல்லிவிடுவார். அன்றும் போட்டிப் பனியனோடு ஓடியவரைப் பார்த்து அக்காள்மடம் டீக்கடையில் கைதட்டினார்கள்.

ஊர் தாண்டியதும் பக்கத்து வீட்டு அய்யப்பன் நெரிசலில் புகுந்து பைக்கில் அவரை ஒட்டி வந்து, ஏறுகிறீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். வீரையாவின் கை தானாக எழுந்து, போ என்றது. அவனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பாவி மனுஷனுக்கு அப்புறம்தான் உறைத்தது. பெயரைச் சொல்லிக் கத்தினார். மூச்சு வாங்கியதில் சத்தமே வரவில்லை. அடுத்து வந்தவனை நிறுத்தக் கையாட்டினார். அவன் பதிலுக்குக் கையாட்டிவிட்டு ஒதுங்கிப் போனான். அதற்குமேல் யாரையும் பார்க்கவில்லை. அழுதுகொண்டே ஓடினார். எந்தப் போட்டியிலும் அவர் அப்படி ஓடியதில்லை.

ஆஸ்பத்திரியில் பஞ்சம்மாளின் முகத்தைத் துடைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். கையில் இன்னும் சூடு இருந்தது. கொஞ்சம் முன்னால்தான் என்றார் நர்ஸ். அவுக வந்துட்டாகளா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

கவிப்ரியா அவருடைய நனைந்த பனியனைப் பார்த்தாள். "ஓடியேவா வந்தீக? ஒரு வண்டிகூடவா கெடைக்கலய்யா?"

வீரையா கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"கெடச்சுச்சு ஆத்தா," என்றார். "நாந்தான் போகச் சொல்லிட்டேன்."