எம் டிரைவில் குப்பம்மாவின் குரல்

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் ஓரளவு அடங்கும் தெரு ஒன்றில், ஒரு மாடியறையில், சுப்ரஜாவும் ஜெயகிருஷ்ணனும் ஒரே கணினியைப் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசையமைப்பதைத் தொழிலாக வரித்துக்கொண்டபோது, ஆளுக்கொரு கணினி வாங்க வசதி போதாமல் ஒரே வன்தட்டை மூன்றாகப் பிரித்தார்கள். முதல் பகுதியில் அவளுடைய இயங்குதளமும் இசை மென்பொருளும், இரண்டாவதில் அவனுடையவை, மூன்றாவதில் இருவரின் ஒலிப்பதிவுகளும் வேலைக் கோப்புகளும்.

பிரித்துக் கொடுத்தவன் ஜெயகிருஷ்ணன்தான். “பாகப்பிரிவினை முடிஞ்சுது சுப்பு. உன் வீடு தனி, என் வீடு தனி. கிணறு மட்டும் பொது” என்று அன்று சிரித்தான்.

அந்தப் பொதுப் பகுதியை அவளுடைய இயங்குதளம் ‘எஸ்’ டிரைவ் என்று காட்டும். அதே இடத்துக்கு அவனுடைய இயங்குதளத்தில் ‘எம்’ என்று பெயர். இருவரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. ஒருவர் கோப்பை மற்றவர் திறப்பதில்லை என்பது பேச்சு. கடவுச்சொல் ஏதும் வைத்துக்கொள்ளவுமில்லை.

அந்தப் பொதுப் பகுதியில்தான் குப்பம்மாவின் குரல் இருந்தது.

குப்பம்மா கோவளத்தில் மீன் விற்பவள். ஒரு சாவு வீட்டில் அவள் ஒப்பாரி பாடக் கேட்டதிலிருந்து சுப்ரஜாவுக்கு வேறு நினைப்பில்லை. அந்தக் குரலை நடுவில் வைத்து ஒரு நீண்ட இசைக்கோவை செய்ய வேண்டுமென்று கோவளத்துக்கு நடையாய் நடந்தாள். குப்பம்மா கடைசியில் இரங்கினாள். ஆனால் வீட்டுக்குள் பாட மறுத்துவிட்டாள். கரையேற்றிய படகொன்றின் நிழலில் உட்கார்ந்து, இறந்துபோன தன் தங்கையை நினைத்துப் பாடினாள்.

“சாவு வூட்டுப் பாட்டும்மா இது. வாழற வூட்ல கேக்கக் கூடாது. எங்கனா போடறதா இருந்தா என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டுக்கினு போடு” என்றாள்.

சுப்ரஜா அவள் கையைப் பிடித்து ஒப்புக்கொண்டாள். மாடியறைக்குக் கீழே வீட்டுக்காரர் குடும்பம் வாழ்கிறது என்பதால் அந்தப் பதிவை ஹெட்போனில் அல்லாமல் அவள் ஒருநாளும் ஒலிக்கவிட்டதில்லை.

அன்று காலை அவள் அந்தக் கோவையைத் திறந்தபோது மென்பொருள் பாதியில் நின்றது. குப்பம்மாவின் பதிவு கிடைக்கவில்லை என்றது. தேடிய இடத்தையும் சொன்னது: எம் டிரைவ்.

அவளுடைய இயங்குதளத்தில் எம் என்று ஒரு டிரைவ் கிடையாது. பதிவோ எஸ் டிரைவில் வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. அப்படியானால் யாரோ அவனுடைய இயங்குதளத்திலிருந்து அவளுடைய கோவையைத் திறந்து, பதிவு இருக்குமிடத்தை அங்குள்ள பெயரால் காட்டிக்கொடுத்து, மூடும்போது பழக்கதோஷத்தில் சேமித்தும் இருக்க வேண்டும்.

ஜெயகிருஷ்ணன் இரண்டு தேநீருடன் படியேறி வந்தான்.

“ஜெய், என் ப்ராஜெக்ட்டைத் திறந்தியா?”

“நானா? எனக்கு என் வேலையைப் பாக்கவே நேரமில்லை. எலி ஏதாவது பூந்திருக்கும்” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. கணினியை மறுபடி இயக்கினாள். எந்த இயங்குதளம் என்று திரை கேட்டபோது, முதன்முறையாக, அவனுடையதைத் தேர்ந்தெடுத்தாள்.

“ஏய், அது என்னோடது” என்றவன், தேநீரை வைக்க இடம் தேடினான்.

அவனுடைய மென்பொருளில் கடைசியாகத் திறந்த கோவை முதலில் நின்றது. ‘கிரகப்பிரவேசம்’ என்று பெயரிட்டிருந்தான். ஓடவிட்டாள். மங்கலமான நாதஸ்வரம், மேளம், ‘உங்கள் கனவு இல்லம்’ என்றொரு ஆண்குரல். அதற்கு அடியில், ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல், ஒரு பெண்ணின் வார்த்தையற்ற இழுப்பு. தங்கையின் பெயரைச் சொல்ல முடியாமல் குப்பம்மா வெறும் ராகமாக இழுத்த இடம் அது.

“வார்த்தையே எடுக்கலை சுப்பு. வெறும் ஹம்மிங். சுதியும் மாத்திட்டேன். யாராலயும் கண்டுபிடிக்க முடியாது.”

“நான் கண்டுபிடிச்சேனே.”

“உன் காது அப்படி.”

“என்னைக் கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருந்தா குடுத்திருப்பியா?”

“மாட்டேன்.”

“அதான் கேக்கலை.”

எவ்வளவு இயல்பாகச் சொல்கிறான் என்று அவள் வியந்தாள். கிணறு பொது என்றவன், அவள் மூடி வைத்த குடத்தையும் பொது என்று எடுத்துக்கொண்டிருந்தான்.

“வெளியே குடுத்துட்டியா?”

“பஸ் ஸ்டாப் எதிர்ல பெரிய ஸ்கிரீன்ல நேத்துலேர்ந்து ஓடுது” என்றான் மெதுவாக. “எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுது. அந்தக் குரல்லதான் ஏதோ இருக்குங்கறாங்க.”

சுப்ரஜா கைப்பேசியை எடுத்தாள். அவன் “அவங்ககிட்ட எதுக்கு இப்போ? அவங்க இதைக் கேக்கவா போறாங்க?” என்று தடுத்தான். அவள் அவன் கையை விலக்கிவிட்டு அழைத்தாள்.

மீன் ஏலத்தின் கூச்சல் முதலில் வந்தது, பிறகு குப்பம்மா. “இன்னா பாப்பா, பாட்டு ரெடியா?”

சுப்ரஜா எதையும் மழுப்பவில்லை. புதுவீடு விற்கும் விளம்பரம் என்பதையும் சொன்னாள்.

“அந்த வூட்ல ஜனம் குடி வந்துட்டாங்களா?”

“இனிமேதான் வருவாங்கக்கா.”

“கொயந்தை குட்டியோட வருவாங்களே. அதுங்க வாசல்ல போயா என் தங்கச்சிக்காக என்னிய அய வுட்டீங்க?”

“நான் இல்லக்கா. கூட வேலை செய்யறவர், எனக்குத் தெரியாம…”

“அந்தத் தம்பி மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல. உன்னாண்டதான பாடுனேன்?”

தான் ஏமாந்தவள் என்று சொல்லிக்கொள்ளும் உரிமைகூட அந்த ஒரு கேள்வியில் கைநழுவிப் போயிற்று.

“அத்த அயிச்சிடும்மா. உன்னாண்ட கீறதையும் சேத்து. இன்னிமே பாட்டுன்னு இங்க வராத.” அழைப்பு துண்டிக்கப்பட்டது.

ஜெயகிருஷ்ணன் சுவரோரம் நின்றிருந்தான். “ஸ்கிரீன்ல ஓடறதை எடுத்துடச் சொல்றேன் சுப்பு. இப்பவே பேசறேன். ஆனா ஒரிஜினலை அழிக்காத. வேற காப்பி கிடையாது. அவ்வளவு நாள் உழைப்பு உனக்கு.”

“நீ பேசு. என் எதிர்லயே பேசு” என்றாள்.

அவன் விளம்பரக்காரர்களின் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கையில் அவன் எடுத்தாண்ட துண்டை முதலில் அழித்தாள். பிறகு தன் இயங்குதளத்துக்குத் திரும்பி, எஸ் டிரைவைத் திறந்து, படகு நிழலில் பதிந்த குரலைத் தேர்ந்தெடுத்தாள். கடைசியாக ஒருமுறை கேட்கலாமா என்று ஹெட்போனை எடுத்த கை, அதற்கும் குப்பம்மாவைக் கேட்க வேண்டும் என்று உணர்ந்து திரும்பியது. அழித்தாள்.

கோவையை மறுபடி திறந்தாள். பதிவைக் காணவில்லை என்றது மென்பொருள். அவள் ‘சரி’ என்பதை அழுத்தினாள். குரலுக்கென்று விட்டுவைத்த இடைவெளிகளில் மௌனமும், மற்ற இடங்களில் தம்புராவுமாக, அது கடைசி வரை ஓடியது.