சொந்த மூளை இல்லாத மோடம்

டெலிபோன் வழியே இன்டர்நெட் பிடிக்க மோடம் வேண்டும். ஆகுர்டியில் எங்கள் வீடு சிறியது. வெளியே வைக்கும் மோடம் பெட்டி இடத்தை அடைக்கும் என்று என் கணவர் ஜெகதீசன், கம்ப்யூட்டருக்குள் செருகும் மலிவான மோடம் அட்டையை வாங்கி வந்தார். இன்டர்நெட் கிடைத்ததுமே கம்ப்யூட்டர் திணறியது. தட்டிய எழுத்து திரைக்கு வரவே நேரமானது.

"இந்த அட்டைக்குச் சொந்த மூளை கிடையாது, சாந்தா. அதோட வேலையையும் கம்ப்யூட்டரே செய்யணும். பாவம், ஒரே ஆளு எதைத்தான் பாக்கும்? வெளி மோடமே வாங்கிடலாம். அது தன் வேலையத் தானே பாத்துக்கும்" என்றார்.

ஆபீஸ் புடவையைக்கூட மாற்றாமல் நான் சாம்பாரைக் கிளறிக்கொண்டே மகளிடம் வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அப்படியே ஒரு சாய் போடேன்."

டீத்தூள் டப்பாவை அவர் கையில் வைத்தேன்.

"மொதல்ல இந்த அடுப்படிக்கு ஒரு வெளி மோடம் வேணுங்க."