எந்த அணு, எப்போது

நிவேதாவுக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கலைவதற்கு நான்கு நாள் முன்புதான், சாரல் நன்றாக விழுகிறதென்று கணவன் லிங்கேஸ்வரன் அவளைப் பைக்கில் ஐந்தருவிக்குக் கூட்டிப் போயிருந்தான். வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது. அதனால் இல்லை, இதற்கெல்லாம் காரணம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். அவன் கேட்பதாக இல்லை. தென்காசியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவன். எரிந்துபோன மோட்டார் எதுவானாலும் பிரித்துப் பார்த்தால் காரணம் அகப்பட்டுவிடும். பைக்கை விற்றான். சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தான்.

நிவேதா பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுப்பவள். அன்று கதிரியக்கப் பாடம். ஒரு பிடி அணுக்களில் பாதி எவ்வளவு காலத்தில் சிதையும் என்று சொல்லிவிடலாம், ஆனால் எந்த அணு எப்போது சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது என்று, எட்டு வருடமாகச் சொல்வதையே சொன்னாள். ஸ்வாதி என்ற மாணவி எழுந்தாள்.

“காரணம் நமக்குத் தெரியலையா மிஸ், இல்ல காரணமே கிடையாதா?”

அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள், காரணமே கிடையாது என்பதுதான் பலருடைய கட்சி என்று சொல்ல வாயெடுத்தவள், நாளைக்குச் சொல்கிறேன் என்று புத்தகத்தை மூடினாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகாமல் நேரே கடைக்கு வந்தாள். செப்புக்கம்பி சுற்றிக்கொண்டிருந்தவனுக்கு எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு, வகுப்பில் நடந்ததைச் சொன்னாள்.

“அணு வேற, நம்ம பிள்ளை வேற” என்றான்.

“வேறதான். ஆனா எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருந்தே தீரணும்னு சொல்லுதீங்கல்லா, அப்படி ஒரு சட்டம் உலகத்துல இருக்கான்னே யாருக்கும் உறுதியாத் தெரியாது.”

அவன் கை நின்றது. “அப்போ நான் என்ன செஞ்சிருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதா?”

“முடியாது.”

அது ஆறுதலாக விழவில்லை என்று முகத்தில் தெரிந்தது. தன் தவறு என்று நினைத்தவரைக்கும் பிடித்துக்கொள்ள அவனுக்கு ஏதோ ஒன்று இருந்தது. இப்போது அதுவும் போயிற்று. குனிந்தபடியே அழுதான். மோட்டார் கேட்டு வந்த வடகரைக்காரரை, நாளைக்கு வாங்க அண்ணாச்சி என்று நிவேதாவே அனுப்பிவைத்தாள்.

கொஞ்சம் கழித்து அவன் முகத்தைத் துடைத்தான். “ஏட்டி, அன்னைக்கு உனக்கு ரொம்ப வலிச்சுதா?”

நாற்பது நாளில் அதை அவன் கேட்டதில்லை. வலித்தது என்றாள். அடிவயிறு முதலில் இழுத்ததிலிருந்து, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் பெண் தன் போர்வையைக் கொடுத்தது வரை ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் விளக்கைப் போடக்கூட எழாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.