இடக்கைத் தையல்

லீத்தியாவுக்கு மருமகளைப் பிடிக்காமல் போனதற்கு அவள் சோம்பேறி என்பதோ வாயாடி என்பதோ காரணமில்லை. தபீத்தா நன்றாகத் தைத்தாள். அதுதான் அவள் செய்த குற்றம்.

வடதுருவத்துப் பனிக்கடலோர ஊரில், சீல் என்னும் கடல்நாயின் தோலில் காலணி, கரிபு மான்தோல் சட்டை, ஓநாய் ரோமம் வைத்த முக்காடு என்று பரம்பரையாகத் தைத்து விற்கும் குடும்பம் அது. மகன் யூசிப்பி வேட்டையாடிக் கொண்டுவரும் தோலை லீத்தியா சுரண்டி, உலர்த்தி, பல்லால் மென்று பதமாக்கி, வெட்டித் தைப்பாள். ஊரே அவள் இடக்கைத் தையலைத்தான் மெச்சிக்கொண்டிருந்தது. மருமகள் வந்தாளோ இல்லையோ, வருகிறவர்கள் எல்லாம் "தபீத்தா தச்சது இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"அடித்தோல இப்பிடியா மெல்லுவ? பச்சப்புள்ள ரொட்டி சப்புற மாதிரி இருக்கு."

"உங்க பல்லு தேஞ்சுபோச்சு அத்தை. எனக்கு இன்னும் இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

இந்த லட்சணத்தில் இருந்தது மாமியார் மருமகள் உறவு. இரண்டு பேரையும் கட்டிவைத்திருந்தது பேத்திதான். லீத்தியாவின் செத்துப்போன அம்மா பெயரைக் குழந்தைக்கு வைத்திருந்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தமாதிரி. அதனால் லீத்தியா அந்த இரண்டு வயதுக் குழந்தையை "அம்மா" என்றுதான் கூப்பிடுவாள். குழந்தையும் கிழவியைப் பார்த்து "மகளே, பால்" என்று அதிகாரம் செய்யும். அப்போது மட்டும் லீத்தியாவின் முகத்தில் கடுகடுப்பு இருக்காது.

வசந்தம் பிறந்ததும் வானிலை நிலையத்துக்காரன் தபீத்தாவிடம் ஒரு ஜோடி காலணி சொல்லிவைத்தான். தைத்து முடித்து அவள் சுவரில் மாட்டியிருந்தாள். தண்ணீர் ஏறாத தையலில் ஊசி தோலின் பாதிக் கனம்வரைதான் போகவேண்டும். மறுபுறம் துளைத்து வெளியே வந்தால் காலணி ஒழுகும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் லீத்தியா வலது காலணியின் குதிகால் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத் தையலைப் பிரித்தாள். ஊசியை முழுத்தோலிலும் குத்தி இறக்கித் திரும்பத் தைத்தாள். மேலே கொழுப்பைப் பூசி மறைத்தாள்.

அந்த ஆள் வீட்டிலிருந்து வண்டிக்கு நடப்பான், வண்டியிலிருந்து வீட்டுக்கு நடப்பான். காலுறை நனையும், ஊரெல்லாம் சொல்லுவான். இவள் பவுசு அதோடு தீர்ந்தது. இதற்கு மேல் அவள் ஒன்றும் நினைக்கவில்லை. கெடுக்க நினைக்கிறவளுக்கு அதற்கு மேல் எங்கே புத்தி போகும்!

மறுநாள் லீத்தியா கடையிலிருந்து திரும்பியபோது சுவரில் காலணி இல்லை.

"உங்க மகனோட காலணி ஈரமா இருந்துச்சு. இங்க தொங்கினத மாட்டிக்கிட்டு கடல்பனி முடியிற விளிம்புக்கு சீல் வேட்டைக்குப் போயிட்டார். அந்த ஆளுக்கு வேற தச்சுக்கலாம்" என்றாள் தபீத்தா.

லீத்தியா நேராக வீட்டு ரேடியோ பக்கம் போனாள். யூசிப்பியின் பனிவண்டியில் ஒரு ரேடியோ உண்டு. கூப்பிட்டுத் திரும்பி வா என்றால் வந்துவிடுவான். ஆனால் ஏன் என்று கேட்பான். ரேடியோவில் பேசினால் ஒவ்வொரு வீட்டு அடுப்படியிலும் கேட்கும். ஒலிவாங்கியை எடுத்தாள், வைத்துவிட்டாள். ஒரு நாள்தானே, என்ன ஆகிவிடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

கடல்பனிமேல் உருகின தண்ணீர் கணுக்கால் ஆழம் நின்றது. வண்டியும் அதன் ரேடியோவும் பழுதாகி, யூசிப்பி அந்தத் தண்ணீரில் நடந்தே திரும்பினான். பாதி வழியில் வாடைக்காற்று திரும்பி, தையல் வழியே நனைந்த வலது கால் காலணிக்குள்ளேயே உறைந்துபோனது. விமானத்தில் தெற்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊன்றுகோலோடு திரும்பி வந்தபோது வலது பாதம் இல்லை.

வந்த அன்றே தபீத்தா அந்த வலது காலணியை அவன் மடியில் வைத்தாள்.

"தையல் சாஞ்சிருக்கிற பக்கத்தப் பாருங்க. மத்த இடமெல்லாம் என் தையல். இந்த விரல் நீளம் மட்டும் இடக்கைக்காரங்க தச்சது. இந்த வீட்ல இடக்கை யாருக்கு?"

"எங்கம்மா தையல்ல ஒரு சொட்டு தண்ணி ஏறினதில்ல. உன் தப்ப அவ தலையில கட்டப் பாக்குறியா?" அவன் காலணியைத் தாயிடம் நீட்டினான். "எனக்குத் தையலப் பத்தி என்ன தெரியும்? நீ பாத்துச் சொல்லும்மா. நீ சொல்றதுதான்."

லீத்தியா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தன் கையெழுத்தைப்போல அந்தத் தையல் அவளுக்குத் தெரிந்தது.

"அவ தச்சதுதான்" என்றாள்.

"இனிமே இவ முகத்துல முழிக்க மாட்டேன்" என்றான் யூசிப்பி.

தபீத்தா அழவில்லை. அடுத்த விமானத்தில் தாய்வீட்டுக்குக் கிளம்பினாள். குழந்தை, பிள்ளை சுமக்கவென்றே அவள் சட்டையோடு தைத்த முதுகு முக்காட்டில் இருந்தது. லீத்தியா ஓடுபாதைவரை பின்னாலேயே ஓடினாள்.

"பிள்ளைய விட்டுட்டுப் போ. அவ எங்கம்மா."

"உங்கம்மா தானே? அப்ப உங்கம்மா முகத்தப் பாத்துச் சொல்லுங்க, அந்தத் தையல் யாருதுன்னு. சொன்னீங்கன்னா இப்பவே பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வர்றேன் அத்தை. அதுக்கப்புறம் உங்கள ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

குழந்தை முக்காட்டிலிருந்து கை நீட்டியது. "மகளே, வா."

லீத்தியா வாயைத் திறந்தாள். பெட்டி தூக்குகிறவன் பக்கத்திலேயே நின்றான், அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும். திறந்த வாயை மூடிக்கொண்டாள். தபீத்தா விமானப் படியேறிப் போய்விட்டாள்.

லீத்தியா வீட்டுக்கு வந்தபோது யூசிப்பி நல்ல தோலாக ஒன்றை எடுத்துத் தரையில் விரித்திருந்தான்.

"இனிமே நீ தைக்கிறதத் தவிர வேற எதையும் போட மாட்டேம்மா. அளவெடு."

அவள் அவன் முன்னால் மண்டியிட்டாள். அவன் இடது காலை நீட்டினான்.

"ஒத்தை தச்சாப் போதும்" என்றான்.