எட்டுப் பைப்

வெல்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவள் கையில் இருந்தது சாப்பாட்டு டப்பா. அது வீட்டை ஒட்டிய கொட்டகையின் தகரச் சுவரில் மோதி, மூடி ஒரு பக்கமும் டப்பா ஒரு பக்கமுமாக உருண்டு போயிற்று.

"யாரைக் கேட்டு வெட்டினீங்க?"

அவள் புருஷன், பஸ் டிரைவர், வேலை மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் மனுஷன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. பெண்டாட்டி நாளெல்லாம் கேட் செய்யும் பட்டறையில் வெல்டிங் அடித்துவிட்டு வருகிறாள், வந்ததும் அசந்து போகட்டும் என்று லீவு போட்டு, புதுசாக ஒரு கருவி வாங்கிவந்து, எட்டுப் பைப்புக்கும் வாய் வெட்டி வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். அவளும் அசந்துதான் போனாள்.

வாய் வெட்டுவது என்றால் வேறொன்றும் இல்லை. ஒரு குழாயை இன்னொரு குழாயின் உடம்போடு பற்றவைக்க வேண்டுமென்றால் அதன் முனை மொட்டையாக இருக்கக் கூடாது. வளைவாகக் குடைந்து, மற்றதைக் கவ்விக்கொண்டு உட்காரும்படி செய்ய வேண்டும். இடையில் காகிதம்கூட நுழையக் கூடாது. அப்புறம்தான் வெல்டிங். அங்கே இடைவெளி விட்டவன் மேலே எத்தனை அழகாகப் பற்றவைத்தாலும் அது வெறும் மேல்பூச்சு. இதை அவள் பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வீட்டில் கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த எட்டுப் பைப்பும் அவள் தங்கச்சிக்காக. ரெண்டு வருஷம் முன்பு ஒரு லாரி இடித்து அவளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அன்றிலிருந்து சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, சுவரைப் பிடித்துத் தள்ளித் தள்ளித்தான் வீட்டுக்குள் நடமாட்டம். இப்போது ஒரு டிக்கெட் கவுண்டரில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. வரவில்லை என்றால் அந்த இடம் அடுத்த ஆளுக்கு என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். வெளியே ஆர்டர் கொடுத்தால் வண்டி வர ரெண்டு மாசம். அதனால் கையால் பெடல் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி ஒன்றை வெல்டரம்மா தானே செய்யக் கிளம்பினாள். வீட்டு வாசலிலிருந்து மெயின் ரோடு வரை ஒரே சரிவு. அந்தச் சரிவை நினைத்து நினைத்துத்தான் ஒவ்வொரு பைப்பும் எந்தச் சாய்வில் சேர வேண்டும் என்று நோட்டில் வரைந்து வைத்திருந்தாள்.

கருவி வாங்க மூன்று தரம் கடைக்குப் போனார்கள். மூன்று தரமும் அவள் கேட்டாள், கடைக்காரர் அவள் புருஷனைப் பார்த்துப் பதில் சொன்னார். என்ன சைஸ் பைப் என்று அவரைக் கேட்டார். என்ன கனம் என்று அவரைக் கேட்டார். அவரும் விடுவாரா? பஸ்ஸில் எத்தனை கியர் என்று கேட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னார். அவள் கேட்டது டிரில்லில் ஹோல்சா என்கிற வட்ட ரம்பத்தை மாட்டி, பைப்பைச் சாய்த்துப் பிடித்து வெட்டும் ஸ்டாண்டு. கடைக்காரர் எடுத்து வைத்தது கைப்பிடி போட்ட பஞ்ச்.

"சார், இதைப் பாருங்க. கரண்ட் வேணாம், டிரில் வேணாம். பைப்பை உள்ள விட்டு ஒரே அமுக்கு. வீட்டம்மாகூட செய்யலாம் சார்."

வீட்டம்மாகூட! அந்த 'கூட'வைக் கேட்டதும் அவளுக்கு உச்சிமண்டையில் ஏறிற்று. பைக்கில் திரும்பி வரும்போது வழியெல்லாம் சொன்னாள்.

"அது செங்கோணத்துக்குத்தான் வெட்டும். நம்மது சாய்வு. பைப் தகடும் மெல்லிசு, அமுக்கினா வாய் நசுங்கிரும். அது வேணாம், கேட்டுதா?"

"ம்" என்றார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்ட 'ம்' என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது.

வெல்டரம்மா ஒரு பைப்பை எடுத்து, செய்து வைத்திருந்த அடிச்சட்டத்தில் அது சேர வேண்டிய சாய்வில் வைத்துப் பார்த்தாள். ஒரு ஓரம் தொட்டது. மறு ஓரத்தில் சுண்டுவிரல் போகும் அளவுக்கு இடைவெளி. அடுத்ததை எடுத்தாள். அதற்கு வாய் கோணி நசுங்கியிருந்தது. மூன்றாவதற்கு இந்த முனை வாய் கிழக்கே பார்த்தால் அந்த முனை வாய் தெற்கே பார்த்தது. எட்டும் போச்சு. ஒன்றுகூட மிச்சமில்லை.

"சரி, கத்தாத" என்றார் டிரைவர். "கடைக்காரர்கிட்ட போன்ல கேட்டுட்டேன். கொஞ்சம் கேப் இருந்தா வெல்டிங்லயே நிரப்பிரலாமாம். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்களாம்."

சொல்லுங்கள், கோபம் வராதா? ஆனால் அப்புறம் அவள் கத்தவில்லை. கண்ணாடி முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டாள். கெட்டுப்போன பைப் ஒன்றை ஒரு துண்டுக் குழாயோடு சாய்வாக வைத்து, இடைவெளியில் கம்பித் துண்டுகளைத் திணித்து, மேலே பற்றவைத்து, கிரைண்டர் போட்டுத் தேய்த்தாள். கால் மணி நேர வேலை. மொழுமொழுவென்று, பார்க்கப் பிரமாதமாக இருந்தது. அதைத் தரையில் போல்ட் போட்ட வைஸ் இடுக்கியில் இறுக்கினாள். பைப் மரக்கிளை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"ஏறி உக்காருங்க."

"எதுக்கு?"

"எல்லாரும் செய்யறாங்கல்ல? நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க."

டிரைவர் பைப்பில் கையை வைத்தார். கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"நான் வெயிட்டு" என்றார்.

அப்போது கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவிலிருந்த கதவருகே நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது. தங்கச்சி. எப்போது வந்தாளோ, எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"நான் நாப்பத்தஞ்சு கிலோதான் மாமா. நான் உக்காந்து பாக்கவா?"

"வேண்டாம்மா!"

தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டார். கத்திய பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவருக்கே உறைத்தது. தங்கச்சி நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பிடித்துத் தள்ளித் தள்ளி உள்ளே போய்விட்டாள்.

வெல்டரம்மா வைஸைத் தளர்த்தினாள். "நீ உக்கார மாட்ட" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை 'நீங்க' என்றல்லாமல் அவள் கூப்பிட்டதில்லை. "உன் உடம்புன்னா உனக்குத் தெரியுது. அவள மட்டும் அதுல உக்காத்தி வச்சு அந்தச் சரிவுல இறக்கி விடுவ." விளக்கை அணைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

வியாழக்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்றாள். அவரும் பின்னாலேயே வந்தார். கடைக்காரர் வாயெல்லாம் பல்லாக அவரை வரவேற்றார்.

"வாங்க சார்! எப்படி வெட்டுது?"

"கேவலமா வெட்டுது."

"கேப் வந்தா நிரப்பிரலாம்னு சொன்னேனே சார். இப்ப எந்தச் சாய்வுக்கு உங்களுக்கு..."

"எனக்குத் தெரியாது" என்றார் டிரைவர்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் வாயிலிருந்து இந்த வார்த்தையை வெல்டரம்மா கேட்டதே இல்லை. வழி தப்பி பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போனபோதுகூடச் சொன்னதில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். நீங்களும் என்னயே கேட்டீங்க. வெட்டுறது, பத்தவைக்கிறது எல்லாம் அவங்க. அவங்களக் கேளுங்க." சொல்லிவிட்டு வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றுகொண்டார்.

கடைக்காரர் "சார், சார்" என்று ரெண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். அப்புறம் வேறு வழியில்லாமல் அவள் பக்கம் திரும்பினார். அவள் ஹோல்சா ஸ்டாண்டை இறக்கச் சொன்னாள். தண்டைப் பிடித்து ஆட்டினாள், லொடலொடவென்று ஆடிற்று. "இது வேணாம், வேற எடுங்க." அதுவும் ஆடிற்று. "வேற." மூன்றாவதை எடுக்க அவர் ஏணியில் ஏற வேண்டியிருந்தது, முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். அது ஆடவில்லை. ஒரு இஞ்ச் ஹோல்சா ரெண்டு வாங்கிக்கொண்டாள், ஒன்று பல் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

புது எட்டுப் பைப்பையும் வெள்ளிக்கிழமைக்குள் வெட்டி முடித்தாள். சனி, ஞாயிறு பற்றவைத்து, சக்கரமும் பெடலும் பிரேக்கும் மாட்டினாள். டிரைவர் பைப் பிடித்தார், பிளக் மாட்டினார், தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். அவள் விரலால் காட்டினாள், அவர் செய்தார். வேண்டும் நன்றாக, அவருக்கு.

திங்கட்கிழமை எட்டு மணிக்குத் தங்கச்சியைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தார்கள். வாசலைத் தாண்டிச் சரிவு தொடங்கும் இடத்தில் டிரைவர் ஓடிவந்து பின்கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, கைய எடுங்க" என்றாள் தங்கச்சி.

அவர் வெல்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். அவர் கையை எடுத்தார்.

வண்டி இறங்கியது. பாதிச் சரிவில் குழியில் இறங்கிக் குதித்தது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். வெல்டரம்மா மூடவில்லை. ஒவ்வொரு பைப்பையும் பார்த்துக்கொண்டே நின்றாள். கீழே போய்த் தங்கச்சி பிரேக் பிடித்தாள், மெயின் ரோட்டில் வந்த பஸ்ஸைப் போக விட்டாள், பெடலைச் சுற்றி இடது பக்கம் திரும்பினாள். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெல்டரம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அப்புறம் நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகப் புருஷனிடம் பேசினாள்.

"டூட்டிக்கு நேரமாகுது. கிளம்புங்க."